லோத்குண்டா காட்டில் நான் விலக்கிய முள்

நகரத்தின் ஓரத்தில், லோத்குண்டாவைத் தாண்டிய புதர்க்காட்டில், ஐ.டி. வேலைக்காரர்களான நாங்கள் ஞாயிறுதோறும் மலைச் சைக்கிளில் புதுத் தடம் தேடி அலைவோம். அன்று ஒரு சரிவில் யாரோ முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள்.

“நாம ஓட்றது எவனுக்கோ பொறுக்கல,” என்றான் நண்பன் சேகர்.

ஆத்திரத்தில் முள்ளை இழுத்தெறிந்துவிட்டு இறங்கினேன். வளைவில் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. பிரேக் பிடித்து மயிரிழையில் தப்பினேன். சிரித்துக்கொண்டே வேறு வழியாக வீடு திரும்பினோம். முள்ளைத் திரும்ப வைக்கவில்லை.

அடுத்த வாரம் அங்கே ஒரு பெண் முள் அடுக்கிக்கொண்டிருந்தாள். உதவக் குனிந்தேன்.

“நக்கோ, வேணாம், தொடாத. என் சினையாடு அந்தக் கிணத்துல கிடக்கு. போய்ப் பாரு.”

போகத் துணிவில்லை. அவள் உள்ளங்கைகளில் ரத்தக் கீறல்கள். என் கைகளில் உறை. முள்ளை விலக்கிய அன்றும் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.