பல்லடத்திலிருந்து வராத புகார்

லினக்ஸ் கணினிக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் கவலையில்லை, எல்லாம் ஓடி, மெயில், பிரிண்டர் என்று ஒவ்வொரு வேலைக்கும் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் ஒன்று மட்டும் கிளம்ப மாட்டேன் என்றால்தான் தலைவலி. தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என்னை ஆறு மாதம் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அப்பாவின் மில் மூடியிருந்த நேரம். வீட்டில் வேலைக்குப் போனது நான் ஒருவன்தான். வாடிக்கையாளர்களின் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போடலாம் என்றேன். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "லினக்ஸுன்னு ஆசப்பட்டது நீங்கதானுங்க தம்பி. மூணு புகார் வந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்கோணுமுங்க."

பதினேழும் ஒன்றும்

போத்தனூரில் ஒரு லாரி ஆபீஸ். கணினி எழும்போது ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு வரி வரும். கிளம்பினால் ஓகே, கிளம்பாவிட்டால் ஃபெயில். அங்கே மெயில் சர்வீஸ் ஃபெயில். உரிமையாளர் காலையிலேயே கடைக்குப் போன் செய்துவிட்டார். புகார் ஒன்று.

பழைய குப்பை சேர்ந்து டிஸ்க் நிறைந்துபோனதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து திரையிலிருந்த வரிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த உரிமையாளருக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "பதினேழு ஓகேங்க, ஒண்ணுதானுங்க பெயிலு. என்ற பையன் மூணு பாடத்துல பெயிலுங்க, ஊட்டுல வெச்சுச் சோறு போட்டுட்டுத்தானுங்க இருக்கறோம்."

தோப்புக்குள் ஆபீஸ்

தொண்டாமுத்தூர் தேங்காய் வியாபாரியிடமிருந்து இரண்டாவது புகார். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரைப் போட்ட நொடியில் ஆபீஸில் கரண்ட் போய்விடும். திடீரென்று அணைந்த கணினியில், சர்வீஸ் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் குறிப்பு அழியாமல் தங்கிவிடும். மறுபடி போட்டால் சர்வீஸ் அதைப் படித்து, நாம்தான் ஏற்கெனவே ஓடுகிறோமே என்று எழுந்திருக்காது.

குறிப்பை அழித்தேன். கணினியை முறையாக அணைத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள், இரண்டே நிமிடம்தான் என்று கெஞ்சினேன். அவர் நிதானமாக யோசித்தார். "கம்ப்யூட்டரு நாளைக்கும் இங்கயேதானுங்க இருக்கும் தம்பி, மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்டு ரெண்டு மணிக்குப் போயிருமுங்க."

மானிட்டரில் ஒட்டிய சீட்டு

பல்லடத்துக் கோழித்தீவனக் கம்பெனியிலிருந்து மட்டும் ஆறு மாதமாக மூச்சே இல்லை. நம் பேரைக் காப்பாற்றிய இடம் என்று கடைசி வாரம் முதலாளியே என்னை அங்கே கூட்டிப்போனார். அப்போதுதான் ஆபீஸைத் திறந்திருந்தார்கள். கிளார்க் சகுந்தலா அக்கா கணினியைப் போட்டார். வந்த வரிகளில் பிரிண்டர் சர்வீஸையே காணோம். அக்கா அலட்டிக்கொள்ளாமல், மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துச் சாய்கோடு, புள்ளி பிசகாமல் ஒரு வரி அடித்தார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

இங்கே லினக்ஸ் போட்ட அன்று அந்த வரியை நானே அடித்து ஓடவைத்துக் காட்டியிருந்தேன். தினமும் தானாகக் கிளம்பும்படி செய்ய மறந்திருக்கிறேன். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் கேட்டார்: "ஏனுங் அம்மணி, ஆறு மாசமா தெனமும் இப்படித்தானுங்களா? ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இதையப் போயி எப்படீங்க புகார்னு சொல்றது? என்ற மொபெட்டு தெனமும் பத்து மிதி மிதிச்சாத்தானுங்க கெளம்புது."

புகார் இரண்டோடு நின்றுவிட்டதால் அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. லினக்ஸ் தெரிந்ததனால் அல்ல, லினக்ஸைக் கொங்கு நாட்டில் போட்டதனால்.