கேட்ட பாஷையில் பதில்

சத்தியவேட்டில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. நடுவில் முற்றம், சுற்றி ஐந்து அறைகள், ஓட்டுக் கூரை. பேரன் பேத்திகள் ஓடியாட வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார். இன்று நான் ஒருத்திதான். ஒரு நாளைக்கு ஓர் அறையாகப் பெருக்குகிறேன். ஆறாம் நாள் மறுபடி முதல் அறை.

வீடு காலியானதற்கு எல்லைத் தகராறுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் எங்கள் அப்பாவின், அதாவது நைனாவின், மரியாதையும் என் வாயும்தான் காரணம்.

எங்கள் பக்கத்தில் யார் எந்த பாஷையில் கேட்கிறார்களோ, அதிலேயே பதில் சொல்வோம். சந்தையிலும் பந்தியிலும் அப்படித்தான். மாற்றிச் சொன்னால் வந்தவரை மதிக்காத மாதிரி. எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று பேச்சு நடந்த நாட்களில், வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொண்டு ஒருவர் வந்தார். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நைனா அவருக்கு மோர் கொடுத்து, "ரெண்டூ மாட்லாடதாமண்டி" என்றார். இரண்டும் பேசுவோம் என்று, சுத்தமான தெலுங்கில். வந்தவர் 'தெலுங்கு' என்று மட்டும் எழுதினார். எட்டிப் பார்த்தவள் நான். சும்மா இருக்காமல் சாயங்காலம் அண்ணனிடம் சொன்னவளும் நான்தான்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். ஊர் சென்னை ராஜ்யத்திலேயே இருக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக அலைந்துகொண்டிருந்தான். குதித்தான்.

"இன்னா நைனா, நம்ம ஊரத் தூக்கி அவங்க கையில குடுத்துட்டியே!"

"அவரு தெலுங்குல கேட்டாருடா. நான் வேற இன்னாத்துல சொல்றது?"

கடைசியில் ஊர் ஆந்திராவுக்குப் போனது. ஒரு வீட்டுப் பதிலில் ஓர் ஊர் போகுமா? கோபத்தில் இருப்பவனிடம் அதை யார் சொல்வது? அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டைக்குக் குடிபோனான். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இருபது வருஷம் வரவில்லை.

நைனா அவன் அறையைப் பூட்டவே விடவில்லை. "வந்து பாத்தா மூடிக்கினு இருக்கக் கூடாது" என்பார். வெளியாட்கள் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். எந்த பாஷையிலும் பதில் சொல்ல அவருக்குப் பயமாகிவிட்டது. புருஷனை இழந்து அந்த வீட்டுக்கே திரும்பியிருந்த எனக்கு, பேசக்கூட ஆளில்லை. பல நாள் அண்ணன் மேல் வயிறு எரிந்திருக்கிறது.

நைனா போனதும் சொல்லியனுப்பினேன். பாடை தெருமுனை தாண்டிய பிறகு அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த ஒரு கிழவர் அவனைப் பார்த்து, பெரிய மகன் நீங்கள்தானா என்று கேட்டார்.

"பெத்த கொடுகு மீரேனா?"

"அவுனண்டி, நேனே" என்றான் அண்ணன், ஆமாம் நான்தான் என்று.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. என்னைப் பார்த்தான்.

"அவரு தெலுங்குல கேட்டாரும்மா..." என்று இழுத்தான்.

திறந்து கிடந்த தன் அறை வாசலில் உட்கார்ந்து, "நைனா, நைனா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கேட்கத்தான் நைனா இல்லை.