சாம்சன் ஒதுக்கிய ரீடுகள்

என் வீட்டுக்காரர் சாம்சனைச் சாதுவான மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாதுதான், சாக்ஸபோன் கையில் இல்லாதவரை. ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. பீஸை எடுப்பார், திருப்புவார், வெளிச்சத்தில் பிடிப்பார். நல்லதாக இருந்தால் பச்சைத் தட்டு. இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. ஷிஃப்ட் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான், நான் பேசப் பேச உம் கொட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊர் மணிமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. ஊர் சர்ச்சில் ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தை சாக்ஸபோன் மட்டும் தனியாக வாசிக்கும். இரண்டாவது சரணத்தில் சபை எழுந்து சேர்ந்து பாடும். கல்யாணமாகி வந்த முதல் ஈஸ்டரில் அதைக் கேட்டேன். அதுவரைக்கும் அவர் எங்கப்பா பார்த்து வைத்த மாப்பிள்ளை, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் இந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ ஒன்று சட்டென்று நிற்க, பின்னால் பைக்கில் வந்த இவர் போய் விழுந்தார். முன்பற்கள் இரண்டு போயின. முதுகில் மாட்டியிருந்த சாக்ஸபோன் எப்படியோ பிழைத்தது, ஆனால் அதன் மவுத்பீஸ் இரண்டாகப் பிளந்துவிட்டது. வாயில் வைத்து ஊதுகிற பாகம் அதுதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைக் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை. "மவுத்பீஸ் இன்னா ஆச்சு?" என்றார். அடிபட்ட மனுஷன் என்று கூடப் பார்க்காமல் நன்றாகத் திட்டிவிட்டேன்.

பல் கட்டி, வீக்கம் வடிந்து, மெட்ராஸில் ஒரு வாத்தியக் கடைக்குப் போனோம். பழைய மாதிரி மவுத்பீஸ் இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் வேறொன்றை எடுத்து, பல் படுகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பரை ஒட்டிக் கொடுத்தார். "பழச விட இதுக்கு வாய் அகலம் சார். கெட்டி ரீடு போட்டா வெறுங்காத்துதான் வரும். ரெண்டுல ஆரம்பிங்க. புது ரீட ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுப் பழக்கணும்" என்றார். நாகஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி சாக்ஸபோனுக்கு ரீடு. நாணலைச் சீவிச் செய்த சின்னப் பட்டை. நம்பர் ஏற ஏற கெட்டி. சாம்சன் வாத்தியம் பழகிய காலத்திலிருந்து மூன்றுதான். ரெண்டு என்பது சண்டே ஸ்கூல் பசங்க ஊதுவது என்று அவருக்கு எண்ணம். சிரித்துக்கொண்டே மூன்றாம் நம்பரில் ஒரு பெட்டி வாங்கினார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ரீடை வாயில் ஊற வைப்பார், மாட்டுவார், ஊதுவார். புஸ் என்று காற்று போகும். அழுத்தி ஊதினால் கீச் என்று ஒரு சத்தம். உடனே கழற்றி, நான் துணி ஊற வைக்கிற சிவப்பு பக்கெட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரே இருப்பில் பாதிப் பெட்டி காலி. கீழுதட்டின் உள்பக்கம் புண்ணாகிவிட்டது.

"கம்பெனில கூட சரி பண்ணிப் பாக்கற ரீவொர்க்னு ஒண்ணு கீதுல்ல? வூட்ல மட்டும் நேரா ஸ்கிராப்பா?" என்று கேட்டேன்.

"ஃபெயிலு பீஸு எப்பவும் ஃபெயிலு பீஸுதான், பிரவீனா."

"கடைக்காரர் இன்னா சொன்னாரு?"

"அவரு விக்கிறவரு. வாசிக்கிறவன் நானு."

பெட்டி தீர்ந்தது. சாக்ஸபோன் பீரோ மேல் ஏறியது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்கும் முந்தின வாரம் சக்திகுமார் வீட்டுக்கு வந்தான். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன், இவரை அண்ணா அண்ணா என்று சுற்றுகிறவன். வாசலிலேயே நின்றான். "அண்ணி, நான் கேக்கல. கமிட்டில சொன்னாங்க. அண்ணனால முடியலன்னா கீபோர்டுலயே சாக்ஸ் சவுண்டு வெச்சிக்கலாம்னு."

அறையிலிருந்து இவர் குரல் வந்தது. "வெச்சிக்கோ சக்தி. நல்லாத்தான் இருக்கும்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒரு பட்டனை அழுத்தி அவர் இடத்தை நிரப்பிவிடலாம் என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். இந்த ஈஸ்டரில் வாசிக்காவிட்டால் இவர் இனி எந்தக் காலத்திலும் வாசிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சக்திகுமாரைத் தெருமுனையில் மடக்கி, அதே கடையில் ரெண்டாம் நம்பர் ரீடு ஒரு பெட்டி வாங்கி வரச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் இருந்தவள் நான். அங்கே தெரிந்தே ஒரு கெட்ட பீஸை நல்லதுக்கு நடுவில் கலந்து விடுவார்கள், தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க. நான் நல்லதைக் கெட்டதில் கலந்தேன். அவர் ஒதுக்கிய மூன்றாம் நம்பர்களையும் புது ரெண்டாம் நம்பர்களையும் எடுத்து, அடிப்பக்கம் அச்சடித்திருந்த நம்பரை நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்து அழித்தேன். எனக்கு அடையாளம் தெரிய ரெண்டாம் நம்பரில் மட்டும் அடிமூலையில் ஒரு சின்னக் கீறல். பக்கெட்டை ஒளித்து வைத்தேன்.

"பழைய பேண்டு மாஸ்டர் ஒருத்தர் குடுத்தாராம், சக்தி எடுத்தாந்தான். நம்பரு கிம்பரு ஒண்ணும் கிடையாது. வாரம் முடியிற வரைக்கும் எதையும் ரிஜெக்ட் பண்ணக் கூடாது. ஒவ்வொண்ணும் தினம் கொஞ்ச நேரம், அப்புறம் வளையாம இருக்க கண்ணாடி மேல காய வெக்கணும். இது கண்டிசன்" என்றேன். முறைத்தார். ஆனால் நம்பர் இல்லாத பீஸைச் சோதிக்காமல் விட அவரால் முடியாது. அது எனக்குத் தெரியாதா?

மாடியில் குடியிருக்கும் ஒடிசாப் பையன்கள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார்கள் என்பதால் ஏரிக்கரைக்குப் போய் வாசிப்பார். முதல் இரண்டு நாள் எருமைகள்தான் பாவம். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வாங்கின பிஸ்கட்டோடு அந்தப் பக்கமாக வந்தேன். ஏதோ சத்தம் கேட்டது. முதலில் யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன். பழைய சாம்சன் வாசித்தால் கணீரென்று ஊருக்கே கேட்கும். இது அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் மெதுவாகப் பேசுவது மாதிரி இருந்தது. கடிக்காமல் ஊதினார். கடிக்க முடியாத பல், அதனால் உதட்டை மட்டும் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். நான் நடக்க மறந்து நின்றேன். பிஸ்கட்டை எந்த மரத்தடியில் வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், சனிக்கிழமை, சர்ச்சில் ஒத்திகை. கீபோர்டோடு சேர்த்துப் பார்த்தால் சுருதி மேலே ஏறி நின்றது. மவுத்பீஸைக் கழுத்துக் குழாயிலிருந்து நெல்லளவு வெளியே இழுத்தார், சரியாகிவிட்டது. வெளியே வந்ததும் என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு ரீடு.

"கீறல் வுழுந்ததெல்லாம் நல்லா பேசுது. கீறல் இல்லாதது ஒண்ணு கூடப் பேசல. இன்னா பண்ணி வெச்சிகீற?"

மாட்டிக்கொண்டேன். இன்ஸ்பெக்டரிடம் கீறல் போட்டுவிட்டு ஒளிய முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன்.

முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டா? நான் ரெண்டுலயா வாசிச்சிக்கினு இருந்தேன்?" என்றார். "ஊருக்கு முன்னால சின்னப் பசங்க ரீடு வெச்சிக்கினு நிக்கச் சொல்றியா?"

"நீங்க கம்பெனில பீஸப் பாக்கறீங்களா, பீஸு மேல எழுதினதப் பாக்கறீங்களா? காது இன்னா சொல்லுச்சு, அத சொல்லுங்க."

ரீடைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். எந்த ரீடோடு வாசிப்பார், வாசிப்பாரா மாட்டாரா என்று எதுவும் தெரியாமல்தான் நான் ஈஸ்டருக்கு எழுந்தேன்.

சர்ச் நிரம்பியிருந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் யூனிஃபார்மோடு பின்னால் நின்றார்கள். சக்திகுமார் கீபோர்டின் பட்டன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சாம்சன் எழுந்தார். கண்ணை மூடினார்.

அந்த முதல் சுரத்தை எப்படிச் சொல்வது? ஏரிக்கரையில் கேட்ட அதே குரல், கீறல் போட்ட ரீடேதான். எனக்குப் பாட்டு தெரியாது, ராகம் தெரியாது. விழுந்தவர், வலி பட்டவர், தன்னைத்தானே ஒதுக்கி வைத்தவர், அத்தனை சாம்சனும் அந்த மூச்சில் இருந்தார்கள். இவரோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவருக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். அழுதேன், மறைக்கவில்லை. சக்திகுமாரின் விரல் எப்போது மடியில் விழுந்தது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

முதல் சரணம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். இரண்டாவது சரணத்தின் முதல் அடியை வாசித்தார். யாரும் பாடவில்லை. ஆராதனை நடத்துகிற போதகர் ஐயர் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி நின்றார், அவர் வாயும் திறக்கவில்லை. சாம்சன் இன்னும் ஒரு அடி வாசித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

கண்ணைத் திறந்து சபையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. கேட்கச் சகிக்காமல்தான் ஜனம் வாயை மூடிக்கொண்டது என்று நினைத்துவிட்டார். மவுத்பீஸ் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆராதனை நடுவில் பெண்கள் பக்கமிருந்து யாரும் குரல் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன்.

"நிறுத்தாதீங்க. வாசிங்க. கேக்கறவங்களுக்குப் பாட வாய் வரல."

ஐயர் புத்தகத்தை மூடி, ஆமாம் என்று தலையாட்டினார்.

சாம்சன் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாயில் வைத்தார். இரண்டாவது சரணத்தையும் மூன்றாவதையும் அவரே தனியாக வாசித்தார். பாட எழுந்த சபை, பாட்டு முடிகிறவரை நின்றுகொண்டே கேட்டது.