காணவில்லையா, தலைமறைவா?

புதுக்கோட்டையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டைப்பிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள் என்பதால் மனு எழுத வந்தவர்கள் படிவரை நின்றிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை இருக்கிறது. கடக்கும்போதெல்லாம் சூடான பிரிண்டரின் வாசனை நினைவில் எழுகிறது.

ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால், தூதரகங்களுக்குப் போகும் மனுக்களை உரிமையாளர் என்னிடம் ஒப்படைத்தார். முதலில் வந்தவர் மீமிசலைச் சேர்ந்த நூர்ஜஹான். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவருடைய கணவரிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகப் போன் இல்லை. தூதரகம் அவரைத் தேட வேண்டும். மனு ஆட்சியர் வழியாகத்தான் போகும் என்பதால், பதினோரு மணிக்குள் எதிரே டோக்கன் வாங்கியாக வேண்டும்.

எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் உண்டு. ஆள் இல்லாத விவகாரத்துக்கு இருந்த மாடல், வக்கீல் குமாஸ்தா ஒருவருக்காக எப்போதோ அடித்தது. அதில் 'அப்ஸ்காண்டிங்' என்றிருந்தது. 'மிஸ்ஸிங்' என்று மாற்றலாமா எனக் கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஆளு இல்லைன்னுதானம்மா அர்த்தம்? மிஸ்ஸிங்னா கொடையத் தொலைச்ச மாதிரி இருக்கு. ஸ்டிராங்கா அடிங்க, அப்பத்தான் ஆபீசர் நிமிந்து பாப்பாரு," என்றார் உரிமையாளர்.

பெரிய சொற்களின்மீது எனக்கும் ஒரு மயக்கம் இருந்த வயது. பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்தேன்.

நூர்ஜஹான் பேனாவைத் தொடவில்லை. "அக்கா, தமிழ்ல சொல்லிருங்க. தெரியாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வரிவரியாகச் சொன்னேன். 'தலைமறைவாகிவிட்டார்' என்றதும் அவர் எழுந்துவிட்டார்.

"அவுக என்ன களவாண்டாகளா, ஒளியிறதுக்கு? ஓடிட்டாருன்னு கம்பெனிக்காரவுக அங்கிட்டு எழுதிக் குடுத்துட்டாகளாம். அது பொய்யின்னு சொல்லத்தான் மொத பஸ்ஸுல வந்தேன். நீங்களும் அதையே எழுதி என்கிட்டயே கையெழுத்துக் கேக்குறீங்களே!"

இரண்டு சொற்களுக்கும் அகராதி தரும் விளக்கத்தை நான் ஒப்பிக்க முடியும். ஆனால் மிஸ்ஸிங் என்றால் மருத்துவமனைகளில் விசாரிப்பார்கள், அப்ஸ்காண்டிங் என்றால் விசா ரத்தாகும், ஆள் அகப்பட்டால் சிறை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கம்பெனியின் குற்றச்சாட்டுக்கு மனைவியையே சாட்சியாக்க இருந்தேன்.

"மணி பத்தே முக்கால். ஒரு வார்த்தைக்காக டோக்கன விட்றாதீங்கம்மா," என்றார் உரிமையாளர்.

"போனாப் போகுது. அடுத்த திங்கக்கெழம வாரேன். இதுல போட மாட்டேன்."

நான் மாடலை மூடிவிட்டுப் புதிதாக அடித்தேன். 'மிஸ்ஸிங்' என்று எழுதி, கணவர் ஓடிப்போனதாகக் கம்பெனி சொல்வதை மறுக்கிறேன் என்று நூர்ஜஹான் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்தேன். தமிழில் கேட்டு, தலையசைத்து, கையெழுத்திட்டார். இருவரும் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தோம். டோக்கன் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். விபத்தில் அடிபட்ட கணவர், அடையாள அட்டை ஏதுமின்றி ஒரு மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். தூதரக ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"கால்ல ராடு வச்சிருக்காகக்கா. இந்தக் காலோட எங்கிட்டு ஓடுறதுங்கிறேன்!" என்று சிரித்தார், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு சொல்தான் அவர் கணவரைக் கண்டுபிடித்துத் தந்தது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் ஒரு சொல்லைத் தாளில் இடுமுன், அது யாரைப் பற்றியதோ அவருடைய வீட்டார் முன் அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று கேட்டுக்கொள்ளக் கற்றது அந்தத் திங்கட்கிழமைதான்.