என் ரெக்கார்டு பிளேயரும் அவள் பாட்டும்

மாப்பிள்ளை ஒரு பெரிய சதுர அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் தடுமாறி இறங்குகிறாள். இவரோ பெட்டியில் வெயில் படக்கூடாதென்று அதற்குத் துண்டு போர்த்துகிறார்.

"என்ன மாப்ள அது, கண்ணாடிச் சாமானா?" என்றேன்.

"ரெக்கார்டு மாமா. உங்களுக்குத்தான். உங்ககிட்ட இருக்கிற அந்தப் படத்துப் பாட்டையே ரீமாஸ்டர் பண்ணி, சத்தத்தைச் சுத்தம் பண்ணி, புதுசா தட்டு போட்டிருக்காங்க."

அதே படத்தின் பழைய தட்டு என்னிடம் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதில் ஒரு தாலாட்டு உண்டு. பிரச்சினை எல்லாம் அந்தத் தாலாட்டில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீடு மதுரையில் ஒரு மாடிப் போர்ஷன், இடம் பத்தாது. அதனால் அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்கள் பாடுவார்கள். அம்மா அந்தத் தாலாட்டைப் பாடியே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். என் மனைவி முடியாது என்றாள். ஏன் முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரணம் நான்தான்.

கல்யாணமான புதிதில் அவள் பாடிக்கொண்டே இருப்பாள். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிய பாட்டுகள். அரிசி புடைக்கும்போது, துணி உலர்த்தும்போது, எப்போதும் வாயில் ஒரு பாட்டு. என்னிடம் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. பந்தல்குடியில் இரும்புச் சாமான் கடை போட்ட கையோடு, மைக்செட் தொழிலை விட்ட ஒருவரிடம் வாங்கியது. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் பிளேயர் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

"ஓட்டமா ஓடுற. சுதியும் எங்கேயோ மேல நிக்குது" என்று சொல்லி அவளைப் பிளேயர் முன்னால் உட்கார வைத்தேன். கூடவே பாடச் சொன்னேன். பாடினாள். ரெக்கார்டை முந்திக்கொண்டு ஓடினாள். மறுபடியும் பாடச் சொன்னேன், மறுபடியும் ஓடினாள். என் அக்கா வீட்டுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போதே, "ஒனக்குக் காது இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. அந்தப் பாட்டை மட்டுமல்ல, எந்தப் பாட்டையுமே. மகளைக்கூடத் தட்டித்தான் தூங்க வைத்தாள்.

இதையெல்லாம் அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. பாட்டு வராதவள் பாட்டை விட்டுவிட்டாள், அவ்வளவுதானே என்று இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை ஆரம்பித்தார். பழைய தட்டு, புதுத் தட்டு, அவர் போனில் இருக்கும் ரீமாஸ்டர், மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டு எது உசத்தி என்று பார்க்க வேண்டுமாம். போனுக்கென்று ஒரு ஸ்பீக்கர் வேறு கொண்டுவந்திருந்தார். ஜன்னலைச் சாத்தினார். பக்கத்துத் தெருத் தறிச்சத்தம் கேட்கக்கூடாதாம். ஃபேனை நிறுத்தினார். அருப்புக்கோட்டையில், அந்த வெயிலில், ஃபேனை நிறுத்தினார்! எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. இந்த மனுஷனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று இருந்தது.

முதலில் போன். தபேலா நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. வயலின் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"கேட்டீங்களா மாமா, எவ்வளவு கிளியரு!"

"கிளியர் இருக்கட்டும். ஏன் இந்தத் தறிகெட்ட ஓட்டம்? பாடுற அம்மாவுக்குக் குரலும் கீச்சுன்னு ஆயிருச்சே. அந்தக் கனம் எங்க போச்சு?"

அடுத்து என் பழைய தட்டு. சரசரவென்று கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் குரல் நிதானமாக, கனமாக, பிள்ளையை மடியில் போட்டு ஆட்டுகிற மாதிரி வந்தது. பிறகு புதுத் தட்டு. சரசரப்பு இல்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி இருந்ததே தவிர, வேகமும் குரலும் என் பழைய தட்டு மாதிரியேதான் இருந்தன.

எனக்கு வந்ததே உற்சாகம்! "பாத்தீங்களா மாப்ள! ரெண்டு தட்டும் ஒண்ணு போல இருக்கு. உங்க போனுதான் ஓடுது. நான் அன்னைக்கே சொன்னேன். ரேடியோக்காரன், டிவிக்காரன் எல்லாம் விளம்பரம் போட நேரம் பத்தாதுன்னு பாட்ட வேகமா ஓட்டிவிடுவான். போன்லயும் அதேதான்."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "டிஜிட்டல்ல அப்படி வேகமெல்லாம் மாறாது மாமா."

"அப்ப தட்டு ரெண்டும் பொய் சொல்லுதா?"

இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நின்றால்தானே? மகளைக் கூப்பிட்டு, "ஒங்கம்மா பாடணும்னா இந்தத் தட்டோட சேர்ந்து நாலு தடவ பாடிப் பழகச் சொல்லு. நாளைக்கு நாலு பேர் முன்னால மானம் போகக் கூடாது" என்றேன். அடுக்களை வரை கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

மகள் என்னை முறைத்தாள். பிறகு புதுத் தட்டின் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏப்பா, இந்தப் பாட்டு மூணு நிமிசம் இருபது செகண்டுன்னு போட்டிருக்கு. போடுங்க, நேரம் பார்ப்போம்."

போட்டோம். போனிலேயே கடிகாரம் வைத்தார்கள். மூன்று நிமிடம் முப்பத்து மூன்று வினாடி வந்தது.

"அச்சுல தப்பா அடிச்சிருப்பான்" என்றேன்.

"போன்ல கரெக்டா மூணு இருபதுதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. குரலில் ஒரு சந்தோஷம். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று தோன்றியது.

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். இந்த மாதிரித் தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும் சுற்ற வேண்டும். அது எனக்கும் தெரியும், பிளேயர் மேலேயே 33 என்று போட்டிருக்கிறது. நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து வந்து, சுழலும் தட்டின் நடுக் காகிதத்தில் ஓரமாக ஒட்டினாள் மகள். நான்தான் எண்ணுவேன் என்று முன்னால் உட்கார்ந்தேன். இவர்கள் எண்ணிக்கையை யார் நம்புவது?

ஒரு நிமிடம். முப்பத்தொன்று.

மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் எண்ணினேன். கடையில் ஆணியையும் போல்ட்டையும் எண்ணியே காலம் தள்ளியவன் நான். எனக்கு எண்ணிக்கை தப்பாது.

அப்போதுதான் அந்தப் புல்லி ஞாபகம் வந்தது. பிளேயரை வாங்கிய மாதமே மோட்டார் தலையில் இருக்கிற சின்னப் புல்லி உடைந்துவிட்டது. மதுரையில் தேடியும் கிடைக்கவில்லை. தறிக்குச் சாமான் செய்கிற லேத் பட்டறையில் கொடுத்து, உடைந்த துண்டைக் காட்டி, பித்தளையில் ஒன்று கடைந்து வாங்கினேன். கடைந்தவர் ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவிவிட்டார் போலிருக்கிறது. புல்லி சிறுத்தால் தட்டு மெதுவாகத்தான் சுற்றும். இது என் தொழிலிலேயே இருக்கிற விஷயம். கடைக்கு வருகிற ஒவ்வொரு சம்சாரிக்கும் கிணற்று மோட்டார் புல்லியைப் பற்றி வகுப்பு எடுத்தவன் நான். என் வீட்டுப் பெட்டியை ஒரு நாள் திறந்து பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பழைய தட்டும் புதுத் தட்டும் ஒன்று போல இருந்ததற்கு வேறு காரணம் இல்லை. இரண்டையும் ஒரே கோணல் பெட்டியில் ஓட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

மனைவி தரையில் உட்கார்ந்து நாளைய புளிச்சோற்றுக்குப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இந்தா… அந்தப் பெட்டி மெதுவா ஓடுது" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெதுவா ஓடுதுன்னு தெரியும். எத்தன வருசம் ரேடியோவுல கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது பாருங்கள். "தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன். மூணு தடவ சொன்னேன். ரேடியோக்காரன் வெளம்பரத்துக்காக ஓட்டுறான்னு சொன்னீக." ஒரு கொட்டையை நோண்டி எடுத்துத் தட்டில் போட்டாள். "பாட்டு தப்புன்னு நான் நிறுத்தல. ஒங்களுக்கு எதுக்குப் பாடணும்னு நிறுத்துனேன்."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த வார்த்தை எப்படி ஆரம்பிக்கும் என்றுகூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்றேன்.

"நாளைக்குப் பாடுறேன், எம்மகளுக்காக" என்றாள். "நான் பாடும்போது நீங்க உள்ள நிக்கக் கூடாது."

மறுநாள் வாசலில் பந்தல். ஹால் முழுக்கப் பெண்கள். நான் வெளியே, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வளையல் சத்தம் அடங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கொல்லைப்புறமாக ஓடி ஹால் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். உள்ளே நிற்கக் கூடாது என்றுதானே சொன்னாள்!

ஆரம்பித்தாள். முதல் வரி. கல்யாணமான புதிதில் பாடிய அதே உயரம், அதே ஓட்டம். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. என் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது வரிக்கு அவள் மூச்சு இழுத்தது காதில் விழுந்தது. என் முதுகுக்குப் பின்னால் சமையல் மாஸ்டர் கிரைண்டரைப் போட்டார்.

"ஏய், நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"வடை மாவுண்ணே. பாதியில நிறுத்துனா வடை எந்திரிக்காது. ரெண்டு நிமிசம்."

நானே நிறுத்தலாம் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது பந்தல்காரர் வைத்திருந்த கரண்ட் பெட்டிக்குள் போனது. ஹாலில் வைத்த வாடகை ஃபேனுக்கும் அதிலிருந்துதான் இணைப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். அணைத்தால் உள்ளே ஃபேனும் நின்றுபோகும், மகள் வேர்த்துப் போவாள். ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

மாஸ்டர் கிரைண்டரை நிறுத்தியபோது உள்ளே பெண்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.