யாருடைய பிழை என்று கேட்கும் வரி

இன்று நவம்பர் பதினெட்டு. எனக்கு எழுபத்தொரு வயதும் நான்கு மாதங்களும்.

மோர்டென்ஸ்ருட் போகும் நகர ரயிலில் நிலையத்துக்கு நிலையம் மின்னஞ்சலைத் திறந்து மூடினேன். மடிக்கணினி தூங்கி எழுந்தால் வைஃபை அறுந்துபோகிறது. வைஃபையை இயக்கும் டிரைவர் நிரலுக்கு நான் எழுதிய திருத்தத்தை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் சேர்க்கச் சொல்லி இரண்டு மாதங்களாக அனுப்புகிறேன். மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த மச்சாள், என் கணவரின் தங்கை, எட்டிப் பார்த்தார். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மச்சாள், திரும்பவும் மாட்டம் எண்டிட்டாங்களோ?"

"திருத்தம் சரியாம். எந்தப் பழைய மாற்றத்தாலை இந்தப் பிழை வந்ததெண்டு ஒரு வரி போடட்டாம். அதிலை போய்ப் பாத்தால் எழுதின ஆளின்ரை பேரும் தெரியும்."

"போடுங்கோவன்! அந்த ஆளுக்கு வெக்கம் வரட்டும். ஆறு வருசமா நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யன்னலடியிலை நிக்கிறன். நீங்களும் என்ரை வீட்டுச் சுவரிலைதான் பிழை சொன்னனீங்கள்."

"சுவரும் தடிப்புத்தான்" என்றேன்.

கடைசி நிலையத்துக்குள் அந்த வரியைச் சேர்த்து அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: ஏற்றுக்கொண்டார்கள்.

மச்சாள் இந்தப் பதிவை எப்படியும் வாசிப்பார். கருத்துப் பகுதியில் யாரும் அவருக்குச் சுவரை நினைவூட்ட வேண்டாம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிழையை உள்ளே விட்டவள் நான்தான். அது எனக்குத் தெரியவந்து மூன்று ஆண்டுகளாகின்றன. திருத்தம் அன்றே தயாராகிவிட்டது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை நாள் பிடித்தது.