மாடியில் ஒரு கேம் கம்பெனி

போன வாரம் தென்காசி போயிருந்தேன். குற்றாலத்தில் நல்ல சீசன். ஆனால் நான் போனது அருவிக்கு அல்ல... ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு!

என் கல்லூரித் தோழி சுதாவும், அவளோடு வேலை பார்த்த பிரான்சிஸும் தென்காசிக்காரர்கள். பெங்களூரில் பெரிய கேம் நிறுவனங்களில் வருடக்கணக்கில் உழைத்தவர்கள். யார் யாரோ சொன்ன கேம்களைச் செய்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து சொந்தமாக ஒன்று செய்கிறார்கள். வாடகைக்கு ஒரு மாடி, சில கம்ப்யூட்டர்கள், திறந்தால் சாரல் அடிக்கும் ஜன்னல். அடுத்த மாதம் ரிலீஸ்.

நான் மாடியேறியபோது வாசலில் வீட்டுக்காரர் சண்முகையா அண்ணாச்சி சுதாவிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

“உங்களக் குறை சொல்லுதேன்னு நினைக்காதீங்கம்மா. கம்ப்யூட்டர் வேலைன்னுதான் நினைச்சேன். கேம் கம்பெனியாம்லா? என் மச்சினன் போன்ல ரம்மி ஆடியே கடையத் தொலைச்சான். அந்தப் பாவம் என் வீட்டுல வேண்டாம். இந்த மாசத்தோட காலி பண்ணிருங்க.”

சுதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரிலீஸ் நேரத்தில் எங்கே போவது? இது வேறு, ரம்மி வேறு என்று விளக்கிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை.

பிரான்சிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஒரு தடவ ஆடிப் பாருங்க அண்ணாச்சி. பெறவு நீங்க சொல்லுதபடி செய்யுதோம்.”

கூட்டத்தைப் பிரிந்த ஒரு குரங்குக்குட்டி, அருவிப் பாறைகளில் தாவி மேலே போய்ச் சேர வேண்டும். அதுதான் கேம். அண்ணாச்சி வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். குட்டி விழுந்தது. மறுபடி விழுந்தது.

“ஏலே, அங்கன போகாதலே... பிடி, பிடி!”

ஒருவழியாகக் குட்டி உச்சிக்குப் போனதும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, இதுல துட்டு எங்கன கட்டணும்?”

“கட்டவே வேண்டாம் அண்ணாச்சி. கேம ஒரு தடவ வாங்கினாப் போதும்” என்றாள் சுதா.

“தோத்தா?”

“திரும்ப ஆடலாம்.”

“அதுக்குத் துட்டு?”

“கிடையாது.”

விளையாட்டு என்றாலே எதையாவது தொலைக்க வேண்டும் என்று நம்மை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்!

அண்ணாச்சி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வியாபாரி அல்லவா... மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

“அப்ப நீங்க எப்படிம்மா பொழைப்பீங்க?”

இதே கேள்வியைப் பெங்களூரில் பல முதலீட்டாளர்கள் கேட்டிருக்கிறார்களாம். கவலைப்பட்டுக் கேட்டவர் இவர் ஒருவர்தான் என்றாள் சுதா.

காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது. படியிறங்கும்போது மட்டும் திரும்பினார்: “அந்த உச்சிப் பாறை ரொம்ப வழுக்குது. கொஞ்சம் சரி பண்ணுங்க.”

பிரான்சிஸ் சரி பண்ணவில்லை. அண்ணாச்சி தினமும் கடையடைத்துவிட்டு வந்து வழுக்கி விழுகிறாராம்!